சமையலறை சிங்க்கில் சுடுதண்ணீர் குழாயை நாமே மாட்டலாமா?

சிங்க்குக்கு அடியில் வைக்கிற சின்ன சுடுதண்ணீர் டேங்க்கை வாங்கிவிட்டீர்கள், 'ப்ளக்கைக் குத்தினால் போதும்' என்று கடைக்காரர் சொல்லிவிட்டார், வீட்டில் வயதான அப்பாவும் சின்னப் பிள்ளையும் இருக்கிறார்கள், நாமே மாட்டலாமா என்று கேட்கிறீர்கள். தண்ணீர் வேலையை ஓரளவு நீங்களே செய்யலாம். கரண்ட் வேலையில் கை வைக்காதீர்கள்.

எங்கள் வீடு மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், பழைய ரப்பர் தோட்டத்து நிலத்தில் எழும்பிய ஒரு தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறது. அம்மா லயத்தில், அதாவது தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீட்டில் வளர்ந்தவர். விடியுமுன் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகிறவர்களுக்காக விறகடுப்பில் சுடுதண்ணீர் வைத்த பழக்கம் இன்னும் போகவில்லை, காலை ஐந்தரைக்கே எழுந்துவிடுவார். அவருக்காகத்தான் இதை வாங்கினேன். மாட்ட வந்த பைப்காரர் சிங்க் அடியில் ப்ளக் பாயின்ட் இல்லை என்று ஒரு எக்ஸ்டென்ஷனை இழுத்து கேபினட் தரையிலேயே போட்டுவிட்டுப் போனார். நானும் சும்மா இருந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து, அம்மா பாத்திரம் கழுவ ஆரம்பித்தால் வீடு முழுக்க கரண்ட் போகும். முதலில் பிரிட்ஜைத் திட்டினோம். மாமா வந்து பார்த்து, "அந்த இ.எல்.சி.பி.யை எடுத்துட்டு நேரா கொடுத்துடு" என்றார். கரண்ட் கசிந்தால் தானாக லைனை அணைக்கிற பாதுகாப்பு சுவிட்சு அது. நல்லவேளை, அவர் பேச்சைக் கேட்கவில்லை. கேபினட்டுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கழிவுநீர்க் குழாயின் நட்டு லேசாகத் தளர்ந்து, ஒவ்வொரு சொட்டாக வயரின் மேல் விழுந்து, வயர் வழியாகவே வழுக்கிப்போய் எக்ஸ்டென்ஷனுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. இ.எல்.சி.பி. தன் வேலையைச் சரியாகத்தான் செய்தது.

பிறகு லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட்டேன். பைப்புகளை விட்டுத் தள்ளி, கேபினட்டுக்குள்ளேயே பக்கச் சுவரில் உயரமாக 13 ஆம்பியர் பாயின்ட் வைத்தார். சுவிட்சு மட்டும் மேலே, கைக்கு எட்டும் இடத்தில். வயர் ப்ளக்குக்குப் போகுமுன் கொஞ்சம் கீழே தொங்கி மேலேற வேண்டும் என்றார். அப்போதுதான் வயரில் தண்ணீர் வந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். எர்த் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பார்த்தார். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை இருந்தாலும் எர்த் வயர் பிடித்திருக்கும் என்று நம்ப முடியாதாம். எங்கள் மெயின் இ.எல்.சி.பி. 100 மில்லி ஆம்பியர் கசிவுக்கானது என்பதால், இந்த லைனுக்கு மட்டும் 10 மில்லி ஆம்பியரில் தனியாக ஒரு இ.எல்.சி.பி. போட்டார். மாதம் ஒருமுறை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்க்கிறேன். டேங்க் 1300 வாட், அதாவது ஆறு ஆம்பியருக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய சுமை இல்லைதான், ஆனாலும் ரைஸ் குக்கரோடு ஒரே எக்ஸ்டென்ஷனில் கூட்டாளியாக்காதீர்கள். சிரிம் (மலேசியத் தரச்சான்று) லேபிள் இல்லாத பெட்டி என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

தண்ணீர்ப் பக்கம் முதலில் பார்க்க வேண்டியது அழுத்தம். என் கையேட்டில் குறைந்தது 1.7 பார் (bar, அழுத்தத்தின் அளவு) என்று போட்டிருந்தது. பத்து மீட்டர் உயரத்துக்குத்தான் ஒரு பார் கிடைக்கும், கூரைத் தொட்டி மூன்று மீட்டர் மேலே இருந்தால் 0.3தான். அதனால் சிங்க் குழாய் தெருக் குழாயிலிருந்து வரும் நேரடி லைனா, கூரைத் தொட்டி லைனா என்று தண்ணீர் மீட்டர் பக்கத்து வால்வை மூடிப் பாருங்கள். சிங்க்கில் உடனே நின்றால் நேரடி லைன். எங்களுக்கு மழைக்காலத்தில் கலங்கலாக வரும் என்பதால் டேங்க்குக்கு முன்னால் பில்டர் வைத்திருக்கிறேன். அதற்கும் முன்னால் ஒரு ஸ்டாப் வால்வு.

அப்புறம், டேங்க் நிறையாமல் சுவிட்சு போடாதீர்கள். குழாயைத் திறந்து தண்ணீர் இடைவிடாமல் ஒழுகி வரும்வரை காத்திருங்கள். காய்ந்த டேங்க்கில் எலிமென்ட் கருகிவிடும்.

சூடாகும்போது குழாய் முனையில் கொஞ்சம் சொட்டும். அது கோளாறு இல்லை. இந்த வகை டேங்க்குகள் பெரும்பாலும் அழுத்தம் தாங்காதவை, தண்ணீர் விரிந்து முனை வழியாகத்தான் வெளியேற வேண்டும். எங்கள் அத்தை அந்தச் சொட்டைப் பொறுக்க முடியாமல் முனையில் ரப்பர் மூடி செருகப் பார்த்தார், கையைப் பிடித்துத் தடுத்தேன். முனையை அடைப்பதோ, வெளியேறும் பக்கம் வால்வு போடுவதோ டேங்க்கை வெடிக்க வைக்கும் வேலை.

பிள்ளை இருக்கிற வீட்டில், கைப்பிடியை விட்டால் தானாக மூடிக்கொள்ளும் குழாய்தான் வேண்டும். வருவது 90 டிகிரிக்கு மேல், 60 டிகிரியே சில நொடிகளில் தோலை வேகவைத்துவிடும். பட்டுவிட்டால் பற்பசை, கிச்சாப் (சோயா சாஸ்) எதுவும் வேண்டாம். ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டிவிட்டு கிளினிக்குக் கொண்டுபோங்கள்.

உங்கள் அப்பாவுக்கு ஒரு நாளைக்கு நாலு கோப்பைதான் என்றால், என்னைக் கேட்டால் தண்ணீரைக் கொதிக்கவைத்துச் சூடாகவே வைத்திருக்கும் தெர்மோபாட்டே போதும் என்பேன். இருந்தாலும் வாங்கியாகிவிட்டது, சரி. சிங்க் அடியைப் படம் எடுத்துப் போடுங்கள், ப்ளக்கை எங்கே வைக்கலாம் என்று என் கண்ணுக்குப் பட்டதைச் சொல்கிறேன். முடிவை வயர்மேன் எடுக்கட்டும்.