இரண்டு தடவை கேஸ் நிரப்பியாச்சு, இனி ஏ.எம்.சி.யா, புது ஏ.சி.யா?

கேள்வி: மதுரை ஒத்தக்கடையில் இருக்கிறோம். படுக்கையறையில் நாலு வருஷத்துக்கு முன் வாங்கிய 1.5 டன், 3 ஸ்டார் ஏ.சி. ஓடுகிறது. குளிர் குறைந்துவிட்டது என்று போன வருஷமும் இந்த வருஷமும் கேஸ் நிரப்பினோம். தடவைக்கு 2,800 ரூபாய். கடைசி இ.பி. பில் 590 யூனிட். வருஷத்துக்கு 5,500 ரூபாய் கட்டி ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) போடச் சொல்லி அடிக்கடி போன் வருகிறது. மகனோ, 42,000 ரூபாய்க்கு 5 ஸ்டார் ஏ.சி.யை இ.எம்.ஐ.யில் எடுத்துவிடலாம் என்கிறான். அம்மாவுக்கு 74 வயது, வெயில் தாங்காது, லேசாக இளைப்பும் உண்டு. என்ன செய்யலாம்?

பதில்: இப்போதைக்கு இரண்டுமே வேண்டாம். கேஸுக்குக் கொடுத்த 5,600 ரூபாயைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

ஏ.சி.யில் இருக்கும் கேஸ், ஸ்கூட்டரில் பெட்ரோல் போல எரிந்து தீர்வதில்லை. மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். கசிவு இருந்தால்தான் குறையும். அடுத்தடுத்த வருஷம் நிரப்ப வேண்டி வந்தது என்றால், ஒன்று, கசிவை அடைக்காமல் நிரப்பியிருக்கிறார்கள். இல்லையென்றால் கேஸ் குறையவே இல்லை. இந்த இரண்டாவதுதான் அதிகம் நடக்கிறது. ஃபில்டரில் தூசி அடைத்தால் காற்று வராது, உள்ளே காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச் சுருளான காயிலில் ஐஸ் கட்டும், அறை குளிராது. பார்ப்பவருக்கு கேஸ் போனது போலவே தெரியும். நானும் திருநகர் வீட்டில் இப்படி ஒருமுறை பணம் கொடுத்து ஏமாந்திருக்கிறேன். தண்ணீர் பீய்ச்சிக் கழுவும் வாட்டர் சர்வீஸ் செய்த பிறகுதான் உண்மை தெரிந்தது.

அதனால் வரிசையை மாற்றுங்கள். இன்டோர், அவுட்டோர் இரண்டுக்கும் முதலில் நல்ல வாட்டர் சர்வீஸ். ஐந்நூறிலிருந்து எண்ணூறு ரூபாய்க்குள் முடியும். அதன் பிறகும் குளிரவில்லை என்றால் மட்டும் கேஸ் அழுத்தத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். குறைந்திருந்தால், "கசிவு எங்கே என்று காட்டி, அடைத்துவிட்டு நிரப்புங்கள்" என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள். காயிலே ஓட்டை, மாற்றப் பத்தாயிரத்துக்கு மேல் ஆகும் என்று வந்தால் அப்போது புதுசைப் பற்றி யோசிக்கலாம். வாரன்டி கார்டையும் எடுத்துப் பாருங்கள். பல கம்பெனிகள் கம்ப்ரசருக்குப் பத்து வருஷம் தருகின்றன.

அடுத்து கரண்ட் பில். இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் நம் ஊரில் அடி இரண்டு பக்கமும் விழும். தாண்டிய யூனிட்டுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போவது ஒன்று. 101 முதல் 200 வரையிலான யூனிட்டுக்கு இரண்டு ரூபாய் சொச்சமாக இருந்த சலுகை போய், நான்கு ரூபாய்க்கு மேல் ஆவது இன்னொன்று. 500-க்குள் நின்றால் 1,800 ரூபாய் அளவில் வரும் பில், 590-க்கு 2,800-ஐத் தொடுகிறது. கடைசித் தொண்ணூறு யூனிட்டின் விலை ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்!

அந்தத் தொண்ணூறைக் குறைக்க முடியுமா? உங்கள் ஏ.சி. இரண்டு மாதத்தில் 300 யூனிட் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். அடைத்த ஃபில்டரைச் சுத்தம் செய்தாலே 5 முதல் 15 சதவீதம் வரை மிச்சமாகும். 15 யூனிட் என்றே எடுத்துக்கொள்கிறேன். ரிமோட்டில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீதம் குறையும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பு சொல்லும் கணக்கு. இப்போது 20-ல் வைக்கிறீர்கள் என்றால் 24-ல் வைத்து ஃபேனைப் போடுங்கள், 70 யூனிட் பக்கம் போய்விடும். இரண்டும் சேர்ந்தால் 500 யூனிட் கோட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடுவீர்கள்.

மேலூர் ரோட்டுத் தூசிக்குப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழுவியே ஆக வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, கழற்றி, குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து மாட்டினால் போதும். பத்து நிமிஷ வேலை. அம்மாவின் இளைப்புக்காகவாவது இதைத் தவறவிடாதீர்கள். அந்தத் தூசியோடுதான் ராத்திரி முழுக்கக் காற்று வருகிறது. போர் தண்ணீர் உப்பாக இருந்தால் காயிலில் அதை அடிக்க விடாதீர்கள், வெள்ளையாகப் படிந்து அரிக்கும்.

வாட்டர் சர்வீஸை மாசியில் ஒருமுறை, புரட்டாசியில் ஒருமுறை செய்யுங்கள். சித்திரைத் திருவிழா நேரத்தில் மெக்கானிக் கிடைப்பதும் கஷ்டம், கேட்கும் காசும் கூட. வருஷத்துக்கு 1,600 ரூபாய்க்குள் அடங்கும் வேலைக்கு 5,500 ரூபாய் ஏ.எம்.சி. எதற்கு? ஏ.சி.யின் எலக்ட்ரானிக் போர்டு போனால் உதவுமே என்று தோன்றினால், ஒப்பந்தத்தில் கேஸ், பிளாஸ்டிக் பாகங்கள், காயில் சேர்ந்திருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மகனிடம் இதைச் சொல்லுங்கள். 5 ஸ்டாரால் வருஷத்துக்கு 250 யூனிட் மிச்சம், அத்தனையும் எட்டு ரூபாய் யூனிட் என்றே தாராளமாக எடுத்தாலும் 2,000 ரூபாய்தான். 42,000-ஐத் திரும்ப எடுக்க 21 வருஷம். 'வட்டியில்லா இ.எம்.ஐ.' என்பதிலும் வங்கி கணக்கில் போடும் வட்டிக்கு ஜி.எஸ்.டி., பிராசசிங் கட்டணம் என்று உங்கள் கையிலிருந்து போகும். ரொக்கத்துக்குக் கிடைக்கும் தள்ளுபடியும் பல கடைகளில் கிடைக்காது.

இந்த ஏ.சி. இன்னும் ஐந்து வருஷம் உழைக்கும் என்று வைத்து, ஒத்தக்கடை தபால் ஆபீஸில் மாதம் 600 ரூபாய்க்கு ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் சேமிப்பு) தொடங்குங்கள். 6.7 சதவீத வட்டியில் ஐந்து வருஷம் முடியும்போது சுமார் 42,800 ரூபாய் கையில் இருக்கும். அன்றைக்கு மகனையே கடைக்கு அனுப்புங்கள், ரொக்கமாகக் கொடுத்துப் பேரம் பேசி வாங்கி வரட்டும்.