ஜெர்மனியில் ஒரு விவசாய கிராமத்தை நகரத்தோடு சேர்த்துவிட்டால் அந்தக் கிராமத்தின் கதை அத்தோடு முடிந்துவிடுமா?

இல்லை. அப்படி முடியாத ஓர் ஊருக்குப் பக்கத்தில் பதினோரு வருடமாகக் குடியிருக்கிறேன். அதனால்தான் இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தேன்.

நீங்கள் படிக்கவோ வேலைக்கோ இங்கே வரப்போகிறவராக இருக்கலாம். பெர்லின் என்றால் பிராண்டன்பர்க் வாயிலும் சுவரும்தான் மனதில் வந்திருக்கும். நகரத்தின் வடக்கு ஓரத்தில் லூபார்ஸ் என்று ஓர் ஊர் இருக்கிறது. 222-ஆம் எண் பஸ் அங்கே போகும். நடுவில் புல் திடல், அதில் 1793-இல் கட்டிய சின்ன தேவாலயம், சுற்றிலும் பண்ணை வீடுகள், அவற்றுக்குப் பின்னால் வயல். 1247-லேயே ஆவணத்தில் பெயர் ஏறிவிட்ட ஊர் அது.

1920 அக்டோபர் 1 அன்று 7 நகரங்கள், 59 கிராமங்கள், 27 பண்ணை எஸ்டேட்கள் எல்லாம் ஒரே நாளில் பெர்லினோடு சேர்ந்தன. 66 சதுர கிலோமீட்டராக இருந்த நகரம் 878 ஆனது. அந்த 59-இல் லூபார்ஸும் ஒன்று. காகிதத்தில் கிராமம் முடிந்தது அன்றுதான்.

எங்கள் வீடு மேர்கிஷஸ் ஃபியர்ட்டலில். 1963 முதல் 1974 வரை கட்டிய அடுக்குமாடிப் பகுதி, சுமார் 17,000 வீடுகள். ஒரு குளிர்காலத்தில் எங்கள் கட்டடத்தில் லிப்ட் மூன்று வாரம் ஓடவில்லை. எத்தனை முறை போன் செய்தாலும் "உதிரிபாகம் வரவில்லை" என்ற ஒரே பதில். வயதானவர்கள் எட்டு மாடி ஏறினார்கள். வாடகையை மட்டும் ஒரு நாள் தள்ளிக் கட்டிப் பாருங்கள், கடிதம் உடனே வந்துவிடும்! இன்னும் எனக்கு அந்தக் கோபம் ஆறவில்லை. சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அப்போது ஆறாவது மாடி அம்மாவின் உருளைக்கிழங்கு மூட்டையை நான் தூக்கிக்கொண்டு ஏறினேன். மூச்சு வாங்க நின்ற இடத்தில், "நீங்கள் பெர்லினிலேயே பிறந்தவரா?" என்று கேட்டேன். "இல்லை, நான் லூபார்ஸ்காரி" என்றார். சட்டப்படி அவர் பிறக்கும்போதே லூபார்ஸ் பெர்லின்தான். ஆனால் அவர்கள் வீட்டில் கடைத்தெருவுக்குக் கிளம்பினால் "பெர்லினுக்குப் போய் வருகிறோம்" என்றுதான் சொல்வார்களாம். அதற்குப் பிறகு வாரம் ஒரு முறையாவது அவர் வீட்டில் காபி குடித்திருக்கிறேன். எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் சொன்னதுதான்.

லூபார்ஸ் மேற்கு பெர்லினின் ஓரத்தில் இருந்தது. பெர்லின் சுவர் எழும்பியதும், கிழக்குப் பக்கம் போய்விட்ட அடுத்த ஊரான பிளாங்கன்ஃபெல்டேவுக்குப் போகும் சாலை ஊர் எல்லையிலேயே அறுந்துபோனது. கிழக்கும் வடக்கும் அடைப்பு. 1990 ஜூன் 16 அன்று அதே சாலையில் ஊர் விவசாயி ஒருவர் தன் டிராக்டரைக் கொண்டுபோய்ச் சுவரைத் திறந்தார். அந்த இடத்தை இன்றும் அவர் பெயரால் 'செக்பாயிண்ட் குவாலிட்ஸ்' என்கிறார்கள். அந்த அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் உயர்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்வார், அது கோபத்தோடு. மேற்கு பெர்லினின் குப்பையை வருடக்கணக்கில் அவர்கள் ஊர்ப் பக்கம்தான் கொண்டுவந்து கொட்டினார்கள். இன்று பிள்ளைகள் பட்டம் விடும் லூபார்ஸ் மேடு அந்தக் குப்பைதான். செங்கல் சூளைக்கு மண் தோண்டிய பள்ளம் இப்போது நீச்சல் ஏரி. நகரத்துக்கு வேண்டியதைத் தோண்டிக் கொடுத்தது, வேண்டாததை வாங்கிக்கொண்டது, இரண்டுமே இந்த ஊர்தான்.

எல்லாக் கிராமத்துக்கும் இப்படி நடந்தது என்று நான் சொல்லவில்லை. இன்று பெர்லினுக்குள் இருக்கும் ஷோனபெர்க்கில் 1870-களில் விவசாயிகள் வயலை மனைக்கு விற்று 'லட்சாதிபதி விவசாயிகள்' ஆனார்கள். அங்கே இப்போது ஒரு வயல் கிடையாது. விற்றவர்களைக் குறை சொல்லவும் இல்லை. அந்த விலைக்கு யாராக இருந்தாலும் விற்றிருப்பார்கள். லூபார்ஸ் தப்பியதில் நல்லெண்ணத்தைவிடச் சுவருக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் எண்ணம். முட்டுச்சந்தாகிப் போன ஊருக்குள் யார் பெரிய சாலை போடுவார்கள்?

இப்போது அங்கே மாடுகளைவிடக் குதிரைகள் அதிகம். நகரத்துக்காரர்கள் தங்கள் குதிரையைக் காசு கொடுத்து அங்கே விட்டு வைக்கிறார்கள். "இதெல்லாம் விவசாயமா?" என்று சிலர் கேட்பார்கள். குதிரைக்கும் வைக்கோல் வேண்டும், அதற்கும் ஒருவர் விடியற்காலையில் எழுந்து வேலை பார்க்க வேண்டும். ஆறாவது மாடி அம்மாவிடம் யாரும் அப்படிக் கேட்டிருந்தால் காபி கிடைத்திருக்காது.

வந்தால் தேவாலயத்திலிருந்து கிழக்கே அந்தச் சாலையில் நடந்து பாருங்கள். பாதையை விட்டு வயலுக்குள் மட்டும் இறங்காதீர்கள், விதைத்திருப்பார்கள்.