வாத்தியார் பதில்கள்: தாது வருஷக் கணக்கு

கேள்வி: தாது வருஷப் பஞ்சத்தில் பாதி ஊர் காலியாகிவிட்டதாம், என் பாட்டி சொல்வார். வெள்ளைக்காரர்கள் எடுத்த மக்கள்தொகைக் கணக்கில் இது தெரியுமா? எங்கள் முன்னோர் பெயர் அதில் கிடைக்குமா?
- ஒரு வாசகி, போச்சம்பள்ளி

பதில்: பெயர் கிடைக்காதும்மா. வீடு வீடாக எழுதிய தாள்களைக் கூட்டி முடித்ததும் அழித்துவிட்டார்கள். மிஞ்சியது அச்சடித்த அட்டவணைகள்தான்.

அதிலும் 'கிருஷ்ணகிரி மாவட்டம்' என்று தேடாதீர்கள். அப்போது தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, ஓசூர் எல்லாமே சேலம் ஜில்லாவின் தாலுகாக்கள். 1871 கணக்கில் அந்த ஜில்லாவில் சுமார் 19.7 லட்சம் பேர். 1881 பிப்ரவரி 17 இரவு எடுத்த கணக்கில் சுமார் 16 லட்சம். இடையில் வந்தது 1876-78 பஞ்சம். கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவரைக் காணோம்!

அத்தனை பேரும் செத்தார்களா? அவசரப்படாதீர்கள். 1891-ல் மறுபடி 19.6 லட்சம். பத்தே வருஷத்தில் இவ்வளவு ஏற பிள்ளைப்பேறு மட்டும் போதாது. பிழைக்கப் போனவர்கள் திரும்பியிருக்க வேண்டும். 1881-ல் எண்ணாமல் விட்டதும் கொஞ்சம் இருக்கலாம்.

சாவுக் கணக்கைப் பார்த்தால் தெரியாதா என்பீர்கள். கிராமத்தில் அதை எழுதியவர் கணக்குப்பிள்ளை. பஞ்சத்தில் வழியில் விழுந்து செத்தவரை எந்த ஊர்க் கணக்கில் சேர்ப்பது? எழுதினாலும் காரணம் பெரும்பாலும் 'காய்ச்சல்'. பசியால் உடம்பு வற்றி வந்த காய்ச்சலும் அதற்குள்தான்.

நான் வயது அட்டவணையைத்தான் முதலில் பிரிப்பேன். பஞ்சத்தில் கருத்தரிப்பது குறையும், கைக்குழந்தைகள் தங்காது. 1881-ல் சின்னப் பிள்ளைகளிடம் விழுந்த பள்ளம் 1891-ல் பத்து வயதைத் தாண்டியவர்களிடம் வந்து நிற்கும். ஆனால் ஒற்றை வயதை நம்பாதீர்கள். என் அப்பாயியிடம் எப்போது வயது கேட்டாலும் "ஒரு அறுபது இருக்கும்" என்பார். பத்து வருஷம் அதே அறுபது! அப்படிச் சொன்னவர்களால்தான் 30, 40, 50-ல் கூட்டம் குவிந்து, 29, 31 காலியாகக் கிடக்கும். ஐந்தைந்து வயதாகச் சேர்த்துப் பாருங்கள்.

அப்புறம், அட்டவணையைத் தொடும் முன் பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: பாதி ஊர் செத்ததா, மைசூர்ப் பக்கம் போனதா? போனவர்களில் யாராவது திரும்பி வந்தார்களா?