ஜெபத்தில் வரும் கெட்ட எண்ணம் என் அழைப்பைப் பறித்துவிடுமா?

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

எனக்கு 28 வயது. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவன். மண்ணடியில் ஒரு கஸ்டம்ஸ் கிளியரிங் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். சில வருடங்களாக எங்கள் சபையில் வாலிபர் கூட்டத்தையும் ஞாயிறு பள்ளியையும் நடத்தி வருகிறேன். முழுநேர ஊழியத்துக்கு ஆண்டவர் என்னை அழைக்கிறார் என்று நம்பினேன். எங்கள் போதகரும் அதையே சொன்னார். ஜூலையில் வேதாகமக் கல்லூரியில் சேர இடம் கிடைத்திருக்கிறது. அதுவரை உபவாசத்திலும் ஜெபத்திலும் ஆயத்தப்படும்படி போதகர் சொன்னார்.

ஆயத்தப்படத் தொடங்கிய பிறகுதான் எல்லாம் கெட்டுப்போனது. முழங்காலில் நின்று கண்ணை மூடினால், இயேசுவைப் பற்றி வாயால் சொல்லக்கூடாத வார்த்தைகள் மனதில் ஓடுகின்றன. உடனே "மன்னியும்" என்று சொல்லி ஜெபத்தை முதலிலிருந்து தொடங்குகிறேன். மறுபடியும் வருகிறது, மறுபடியும் தொடங்குகிறேன். விடியற்காலையில் ஆரம்பித்தால் அலுவலகத்துக்குக் கிளம்பும் நேரம் வரை ஒரு ஜெபம்கூட முடிவதில்லை. திருவிருந்துக்குப் போகப் பயந்து பின்வரிசையிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். சபை மூப்பர் ஒருவரிடம் மட்டும் சொன்னேன். பிசாசின் போராட்டம், இன்னும் அதிகமாக உபவாசம் இருங்கள் என்றார். இருந்தேன். எண்ணங்கள் அதிகமாயின, தூக்கம் போய்விட்டது. சாப்பாட்டுத் தட்டை அப்படியே திருப்பி எடுத்துப்போகும் அம்மா ஒன்றும் கேட்பதில்லை, பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கிறார்.

அண்ணன் விசைப்படகில் தொழில் செய்கிறார். இப்போது மீன்பிடித் தடைக்காலம். வீட்டில் என் சம்பளம்தான் ஓடுகிறது. வேலையை விடப்போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் என்னோடு பேசுவதில்லை.

பரிசுத்த ஆவிக்கு விரோதமான தூஷணம் மன்னிக்கப்படாது என்று வேதத்தில் இருக்கிறதே, நான் அதைச் செய்துவிட்டேனா? இந்த மனதை எப்படிச் சுத்தப்படுத்துவது? போதகரிடம் வரவில்லை என்று சொல்லிவிடட்டுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர், காசிமேடு

அன்புத் தம்பிக்கு,

தூஷணம் பற்றிய கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, நீங்கள் அதைச் செய்யவில்லை. மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் அந்த வசனத்துக்கு முன்னால் நடந்ததை வாசியுங்கள். கண் தெரியாமலும் பேச முடியாமலும் இருந்த ஒரு மனிதன் குணமாகிறான். அதற்குப் பிறகும், இது பிசாசுகளின் தலைவனான பெயெல்செபூலின் வேலை என்று சிலர் துணிந்து பேசுகிறார்கள். இயேசு அவர்களுக்குச் சொன்ன எச்சரிக்கை அது. வரக்கூடாது என்று கெஞ்சியும் வந்துவிழுகிற ஒரு வார்த்தைக்காக நடுங்கிக்கொண்டிருக்கும் உங்களுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை ஒருமுறைதான் சொல்வேன். அதற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உங்கள் கடிதத்தில் எண்ணச் சுழற்சி நோயின் அடையாளங்கள் தெரிகின்றன. ஓசிடி என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். கையைத் திரும்பத் திரும்பக் கழுவுகிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதே நோய் பக்தியைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. கடிதத்தை வைத்து நோயை உறுதி செய்ய முடியாது, நேரில் பார்க்கும் மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் அவரிடம் போக வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

விரும்பாத, அருவருப்பான எண்ணங்கள் திடீரென்று தலைகாட்டுவது மனித மனதின் இயல்பு. ராக்மன், டி சில்வா என்ற இரு உளவியலாளர்கள் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், எந்த மனநோயும் இல்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு இப்படிப்பட்ட எண்ணங்கள் வருவது தெரியவந்தது. அவர்கள் அதைப் பொருட்படுத்தாமல் அடுத்த வேலையைப் பார்க்கிறார்கள். நீங்கள் நின்றுவிடுகிறீர்கள். எது உயிருக்கு உயிரானதோ அதன்மேல்தான் இந்த எண்ணங்கள் பாயும். பச்சைக் குழந்தையைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு, குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று தோன்றும். உங்களுக்கு ஆண்டவரைப் பற்றித் தோன்றுகிறது. நீங்கள் அவரை வெறுக்கிறீர்கள் என்பதற்கு இது அத்தாட்சி ஆகாது.

எண்ணம் வந்ததும் மன்னிப்புக் கேட்டு முதலிலிருந்து தொடங்குகிறீர்கள். பதற்றம் கொஞ்சம் அடங்குகிறது. அந்தச் சிறு நிம்மதியிலிருந்து மூளை ஒரு பாடம் கற்றுக்கொள்கிறது: அப்படியானால் அந்த எண்ணம் உண்மையிலேயே ஆபத்தானதுதான், இன்னும் கவனமாகக் காவல் காக்க வேண்டும். காவல் கூடக் கூட எண்ணமும் கூடும். தூக்கமும் சாப்பாடும் இல்லாத உடம்பு அதை இன்னும் பெரிதாக்கும். மூப்பர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனாலும் உங்களுக்கு இப்போது அந்த ஆலோசனை பொருந்தாது.

திருச்சபைச் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதரைப் பற்றி வேதாகமக் கல்லூரியில் படிப்பீர்கள். 1505-இல் துறவு மடத்தில் சேர்ந்த அந்த இளைஞர், ஏதாவது ஒரு பாவம் விட்டுப்போயிருக்குமோ என்று பயந்து மணிக்கணக்கில் பாவ அறிக்கை செய்தார். 1507-இல் தம் முதல் திருப்பலியை நிறைவேற்ற பீடத்தின் முன் நின்றபோது நடுங்கிப்போனார். திருவிருந்துக்குப் பயந்து பின்வரிசையில் உட்காரும் நீங்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று விரும்புகிறேன். அவருடைய மேலதிகாரியான ஸ்டாபிட்ஸ், மனதைத் தோண்டுவதை விட்டுவிட்டுக் கிறிஸ்துவைப் பார்க்கும்படி அவரைத் திருப்பினார். மூப்பரிடமிருந்து உங்களுக்குக் கிடைக்க வேண்டியிருந்த உதவி அதுதான்.

ஆயத்தம் என்றதும் இயேசு வனாந்தரத்தில் உபவாசித்த 40 நாட்கள்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு முன்னால் யோர்தான் நதியில் அவர் பெற்ற ஞானஸ்நானம் இருக்கிறது. "இவர் என் நேசகுமாரன்" என்ற குரல் அங்கே முதலில் கேட்டது, வனாந்தரம் பிறகுதான். ஏற்றுக்கொள்ளப்படுவதற்காக அவர் பட்டினி கிடக்கவில்லை. நீங்கள் அந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டீர்கள் தம்பி, மனம் சுத்தமானால்தான் அந்தக் குரல் கேட்கும் என்று காத்திருக்கிறீர்கள். சாக வேண்டும் என்று சூரைச்செடியின் கீழே படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவையும் பாருங்கள். தூதன் அவரைக் கண்டிக்கவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்தான், தூங்கவிட்டான், மறுபடியும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அதன் பிறகுதான் ஓரேப் மலைக்குப் பயணம்.

ஆகவே இப்போதைக்கு உபவாசத்தை நிறுத்துங்கள். போதகரிடம் காரணத்தைச் சொல்லியே நிறுத்துங்கள். இரவில் தூங்குங்கள், அம்மா வைக்கும் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். ஜெபத்துக்கு இருபது நிமிடம் ஒதுக்குங்கள். நடுவில் எண்ணம் வந்தால் வரட்டும். மன்னிப்புக் கேட்காதீர்கள், முதலுக்குத் திரும்பாதீர்கள், அடுத்த வாக்கியத்துக்குப் போங்கள். நேரம் முடிந்ததும் எழுந்துவிடுங்கள். தொடக்கத்தில் பதற்றம் கூடும். அதைச் சமாளிக்கத்தான் பயிற்சி பெற்ற ஒருவரின் துணை தேவை. இந்த நோய்க்கு நன்றாகப் பலன் தரும் சிகிச்சையும் இதே வழியில்தான் போகிறது: பயப்படும் எண்ணத்தை எதிர்கொண்டு, அதற்கான பரிகாரச் செயலைச் செய்யாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்குவார்கள். தேவைப்பட்டால் மருந்தும் தருவார்கள். மருந்தின் பலன் தெரியப் பல வாரங்கள் ஆகும், பாதியில் விட்டுவிடக் கூடாது.

"நான் அந்தப் பாவத்தைச் செய்யவில்லையே?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு உறுதி தேடுவதும் முதலிலிருந்து ஜெபிப்பதைப் போன்ற பரிகாரம்தான். அதனால்தான் ஒருமுறை மட்டும் சொன்னேன். என் பதிலையும் அதற்காகத் திரும்பத் திரும்ப எடுத்துப் படிக்க வேண்டாம்.

உங்களுக்குப் பக்கத்திலேயே ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் புறநோயாளியாகப் பார்க்கலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்று தோன்றினால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

ஊழியத்துக்கான ஆயத்தத்தில் ஒன்று உங்கள் வீட்டிலேயே காத்திருக்கிறது. 1 தீமோத்தேயு 3-ஆம் அதிகாரத்தில் சபையைக் கண்காணிப்பவனின் தகுதிகளைப் பவுல் எழுதுகிறார். சண்டை செய்யாதவன், பண ஆசை இல்லாதவன், தன் குடும்பத்தை நன்றாக நடத்துகிறவன், வெளியில் இருப்பவர்களிடமும் நற்பெயர் பெற்றவன் என்று போகிறது அந்தப் பட்டியல். மனதில் தானாக வந்துபோகும் எண்ணங்களைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் இல்லை. அண்ணனின் கோபத்தை ஊழியத்துக்கு எதிர்ப்பு என்று எண்ணிவிடாதீர்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அந்த நேரத்தில் வரும் ஒரே சம்பளமும் நின்றுபோகும் என்று கேட்ட மனிதரின் பயம் அது. அவர் துறைமுகத்தில் வலை பழுதுபார்க்கும்போது பக்கத்தில் போய் உட்காருங்கள். கடன் எவ்வளவு, நீங்கள் இல்லாமல் வீடு எப்படி ஓடும் என்று கணக்கோடு பேசுங்கள். அந்தக் கணக்கு சரியாகச் சில மாதங்கள் வேண்டுமென்றால், அழைத்தவர் அதற்குள் மனம் மாறிவிட மாட்டார்.

ஜூலை பற்றி இன்று முடிவு எடுக்க வேண்டாம். இந்த எண்ணங்களுக்குப் பயந்து "வரவில்லை" என்று சொல்லிவிடாதீர்கள், உடம்பு இருக்கும் நிலையை மறைத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சேரவும் வேண்டாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். பிறகு போதகரோடு உட்கார்ந்து, இந்த வருடமா அடுத்த வருடமா என்று பேசுங்கள். சேர்வதானால், சிகிச்சை எடுக்கிறேன் என்பதைக் கல்லூரி முதல்வரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், விடுதியில் தூக்கத்துக்கும் மருந்துக்கும் இடைஞ்சல் வராது. அம்மாவிடம் இன்றைக்கே சொல்லுங்கள். மருத்துவமனைக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.