வெள்ளியா, வெள்ளி முலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி (மஞ்சக்குப்பம், கடலூர்): ஐயா, மாமியார் தந்த சந்தனக் கிண்ணத்தில் காந்தம் ஒட்டவில்லை. பனிக்கட்டியும் அதன்மேல் விரைவாக உருகுகிறது. அசல் வெள்ளி என்று நம்பலாமா?

பதில்: இவ்விரண்டை மட்டும் கொண்டு நம்ப இயலாது. காந்தம் ஒட்டினால் உள்ளே இரும்பு என்று ஒதுக்கிவிடலாமே தவிர, ஒட்டாததால் எதுவும் உறுதியாவதில்லை. முலாமின் அடியில் வழக்கமாக இருக்கும் செம்பு, பித்தளை, ஜெர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) ஆகியவற்றிலும் காந்தம் ஒட்டாது. பனிக்கட்டிச் சோதனையில் ஜெர்மன் சில்வர் பிடிபடும். செம்போ வெள்ளிக்குச் சற்றே குறைவாக வெப்பத்தைக் கடத்துவதால் தப்பிவிடும்.

கேள்வி (முத்தியால்பேட்டை, புதுச்சேரி): எங்கள் வீட்டில் பிரெஞ்சுக் காலத்துக் கரண்டிகள் உள்ளன. சதுர முத்திரையும் 84 என்ற எண்ணும் இருக்கின்றன. 84 விழுக்காடு வெள்ளியா?

பதில்: இல்லை. பிரெஞ்சு முலாம் கரண்டிகளில் 84 என்பது, ஒரு டஜன் கரண்டிக்கும் ஒரு டஜன் முள்கரண்டிக்கும் சேர்த்துப் பூசிய வெள்ளியின் கிராம் கணக்கு. தயாரிப்பாளர் முத்திரை சதுரமாக இருப்பதும் முலாமையே காட்டும். அசல் வெள்ளியில் அது சாய்சதுரமாக இருக்கும். அத்துடன், 1838 முதல் பிரெஞ்சு வெள்ளியில் தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவியின் தலை பொறிக்கப்பட்டது. அருகில் 1 என்றிருந்தால் ஆயிரத்தில் 950 பங்கும், 2 என்றிருந்தால் 800 பங்கும் வெள்ளி. ஆகவே பழைய பிரெஞ்சுப் பொருளில் 925 என்ற எண்ணை (ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி) தேடிப் பயனில்லை. ஆங்கிலேயப் பொருளில் நடக்கும் சிங்கம் 925-க்கு உரியது; ஈ.பி.என்.எஸ். என்ற எழுத்துகள் முலாமுக்கு உரியவை.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர்): முத்திரையே இல்லாத பழைய தட்டை எப்படிச் சோதிப்பது?

பதில்: வீட்டில் செய்யக்கூடியவற்றுள் நான் மதிப்பது ஒன்றே: எடையைக் கன அளவால் வகுத்துப் பார்ப்பது. முதலில் தட்டை எடை போடுங்கள். பிறகு, தட்டு முழுதும் மூழ்கும் அளவு நீருள்ள பாத்திரத்தைத் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, மெல்லிய நூலில் தட்டைக் கட்டி, அடியையோ பக்கத்தையோ தொடாமல், காற்றுக்குமிழ் ஒட்டாமல் நீருக்குள் தொங்கவிடுங்கள். அப்போது தராசு காட்டும் கிராம் எண்ணே தட்டின் கன அளவு. தட்டு 207 கிராமாகவும் நீரில் காட்டியது 20 கிராமாகவும் இருந்தால் விடை 10.35, இது 925 வெள்ளியோடு பொருந்துகிறது. பித்தளை, செம்பு, ஜெர்மன் சில்வர் எல்லாம் ஏறத்தாழ 8.4 முதல் 9 வரைதான்; மெல்லிய முலாம் அதைப் பெரிதாக மாற்றாது. உள்ளே அரக்கு நிரப்பிய பொருளுக்கு இம்முறை உதவாது. மெட்டி போன்ற சிறு பொருளுக்கு, ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும் சமையலறைத் தராசு போதாது.

கேள்வி (கடலூர் முதுநகர்): கடற்காற்றில் கறுத்தால் முலாம்தானே? ஆசிட் விட்டுப் பார்க்கலாமா?

பதில்: கறுப்பது கந்தகச் சேர்மங்களால், வெள்ளியும் கறுக்கும், முலாமும் கறுக்கும். அதைவிட, அதிகம் உராயும் அடிவிளிம்பையும் கைபிடிக்கும் இடத்தையும் பாருங்கள். அங்கே மஞ்சளோ செந்நிறமோ தெரிந்தால் முலாம் தேய்ந்திருக்கிறது. நைட்ரிக் அமிலம் பொருளையும் கையையும் கெடுக்கும்; வீட்டில் வேண்டாம். ஐயம் தீராவிட்டால் ஹால்மார்க் மையத்துக்குக் கொண்டுசெல்லுங்கள். அங்குள்ள எக்ஸ்-கதிர்க் கருவி மேற்பரப்பையே அளப்பதால், தடித்த முலாம் அதையும் ஏமாற்றக்கூடும். மறைவான இடத்தில் சற்று அரத்தால் உராய்ந்து அளக்கும்படி கேளுங்கள்.