40 சதவீதத்துக்குக் கீழே போட்டுவிட்டார்களா? மாற்றுத்திறனாளி சான்றிதழ்: கேள்வி-பதில்

வலது கண்ணில் பார்வை இல்லை என்று 30 சதவீதம், போலியோ கால் என்று 30 சதவீதம். அட்டையில் மொத்தம் 60-க்குப் பதில் 50 என்றிருக்கிறது. தவறா? (திண்டுக்கல்)

தவறில்லை. அப்படியே கூட்டமாட்டார்கள். இரண்டில் பெரிய எண்ணை (உங்களுக்கு இரண்டுமே 30) 90-லிருந்து கழித்தால் 60. அதைச் சின்ன எண்ணான 30-ஆல் பெருக்கி 90-ஆல் வகுத்தால் 20. அந்த 20-ஐ 30-உடன் சேர்த்தால் 50. கண்ணை மட்டும் காட்டியிருந்தால் 30-லேயே நின்று, சலுகைகளுக்குப் பொதுவாக வேண்டிய 40-ஐ எட்டாமல் போயிருக்கும். உடம்பில் உள்ள எல்லாக் குறைபாட்டையும் விண்ணப்பத்தில் எழுதுங்கள்.

மகனுக்கு 9 வருடமாக மனச்சிதைவு நோய். சான்றிதழுக்காகப் பரிசோதிக்கும் மருத்துவ போர்டில் கேட்டதற்கெல்லாம் பளிச்சென்று பதில் சொன்னான். "நல்லாத்தானே பேசுறான்" என்று 40-க்குக் கீழே போட்டுவிட்டார்கள். வீட்டில் நான் படும் பாடு அவர்களுக்குத் தெரியுமா? (ஒரு தாய், தேனி)

தெரியாது அம்மா. நீங்கள் சொன்னால்தான் தெரியும். மனநோயை 'ஐடியாஸ்' என்ற அளவுகோலில் மதிப்பிடுகிறார்கள். தன்னைப் பார்த்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை என நான்கு தலைப்பு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். கடைசி 2 வருடத்தில் எத்தனை மாதம் நோயோடு இருந்தான் என்பதற்குத் தனி மதிப்பெண். மொத்தம் 7 வந்தால் 40 சதவீதம். இதில் எதையும் பத்து நிமிடப் பேச்சில் அளந்துவிட முடியாது; கூடவே இருப்பவரைக் கேட்டுத்தான் எழுத வேண்டும். உங்களை வெளியே உட்கார வைத்திருந்தால் அதையே மேல்முறையீட்டில் முதல் வரியாக எழுதுங்கள்.

அடுத்த முறை 2 வருட மருந்துச் சீட்டுகளையும், ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தால் டிஸ்சார்ஜ் சம்மரியையும் தேதி வரிசையில் அடுக்கிக் கொண்டுபோங்கள். குளிக்க எத்தனை முறை கூப்பிட வேண்டியிருக்கிறது, கடைசி வேலையில் எத்தனை நாள் நின்றான் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பிள்ளையை விட்டுக்கொடுக்க மனம் வராமல், "பரவாயில்லை டாக்டர், சமாளிக்கிறோம்" என்று சொல்லும் பெற்றோரை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த அறையில் மட்டும் அதைச் சொல்லாதீர்கள்.

"உங்களுக்குச் சான்றிதழ் வராது" என்று வாயால் சொல்லி அனுப்பிவிட்டார்கள். இனி என்ன செய்வது? (கடலூர்)

வாயால் சொன்னதை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்பது விதி. அதற்கென்றே தனிப் படிவம் இருக்கிறது. முடிவு சொல்ல முன்பு ஒரு மாதம்தான் கெடு. 2024 திருத்தத்தில் அதை மூன்று மாதமாக்கினார்கள். எனக்கு அதில் வருத்தம்தான், ஆனால் அந்தக் கெடுவாவது இருக்கிறது. யூடிஐடி (மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) இணையதளத்தில் விண்ணப்பித்த எண்ணைப் பத்திரமாக வையுங்கள்.

கடிதம் கைக்கு வந்ததும், மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, பிரிவு 59-ன் கீழ் மேல்முறையீடு என்று தலைப்பிட்டு மனு எழுதுங்கள். யாருக்கு அனுப்புவது என்பதை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதிலே வராவிட்டால் மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம்.

எனக்கு 70 சதவீதம். மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை கிடையாது என்கிறார்கள். (சேலம்)

கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான அந்தத் தொகைக்கு 75 வேண்டும். வருவாய்த் துறை தரும் 1,500 ரூபாய் ஓய்வூதியம் வேறு திட்டம். அதற்குத் தாலுகா அலுவலகத்தில் விசாரியுங்கள்.

மகளின் சான்றிதழில் 'தற்காலிகம்' என்று போட்டிருக்கிறது. (நாகர்கோவில்)

நிலைமை மாறக்கூடும் என்று டாக்டர் கருதினால் அப்படிப் போடுவார்கள். காலாவதி தேதியைக் காலண்டரில் இப்போதே குறித்து, மூன்று மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள்.