சேலத்திலிருந்து டிவி சீரியலில் உதவியாளர் வேலைக்குச் சேருவது எப்படி?

விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) முடித்துவிட்டு எல்லா சேனலுக்கும் ரெஸ்யூம் அனுப்பினேன், ஒருவரும் பதில் போடவில்லை என்கிறீர்கள். அனுப்பிய இடம்தான் தப்பு. பெரும்பாலான சீரியல்களைச் சேனல் எடுப்பதில்லை, தயாரிப்பு நிறுவனங்கள் எடுத்துக் கொடுக்கின்றன. உதவி இயக்குநரைச் சேர்ப்பது இயக்குநரும் இணை இயக்குநரும். புரொடக்‌ஷன் ஆட்களைச் சேர்ப்பது மேனேஜர். எனவே எபிசோடின் டைட்டிலை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, இணை இயக்குநர், மேனேஜர் பெயர்களைக் குறித்துக்கொண்டு தேடுங்கள். ஒரு சீரியல் முடியப்போகிறது என்று செய்தி வந்தால் அந்த ஸ்லாட்டுக்கு, அதாவது அந்த ஒளிபரப்பு நேரத்துக்கு, பெரும்பாலும் புது யூனிட் (படப்பிடிப்புக் குழு) அமைகிறது என்று அர்த்தம். ஆள் எடுக்கும் நேரம் அதுதான்.

செய்தி சேனல் வேறு கதை. அங்கே ஹெச்.ஆர். வழியாகவே போகலாம். டெலிபிராம்ப்டர் (வாசிப்பாளருக்குச் செய்தி வரிகளைக் காட்டும் திரை), கிராஃபிக்ஸ், இன்ஜெஸ்ட் (வரும் வீடியோக்களை சிஸ்டத்தில் ஏற்றுவது), டெஸ்க் உதவி என்று ஷிப்ட் வேலைகள் உண்டு. தமிழ் டைப்பிங் வேகமாகவும் பிழையில்லாமலும் வந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி.

சென்னைக்குப் பெட்டி கட்டுமுன் சேலத்திலேயே கை பழக்குங்கள். உள்ளூர் கேபிள் சேனல்களும் வீடியோ யூனிட்களும் ஆடி மாதம் கோட்டை மாரியம்மன் திருவிழா, மே மாதம் ஏற்காடு கோடை விழா என்று வந்துவிட்டால் ஆள் தேடும். மூன்று நான்கு கேமரா, அவற்றை மாற்றி மாற்றிக் காட்ட ஒரு மிக்ஸர் வைத்து லைவ் போகும் இடத்தில் கேபிள் பிடிக்கப் போங்கள். கேபிளை முழங்கையில் சுற்றக் கூடாது. உள்ளே முறுக்கேறி, லைவ் நடுவில் சிக்னல் விட்டு விட்டு வரும். ஒரு வளையம் நேராக, அடுத்தது உள்பக்கம் திருப்பி, இப்படி மாற்றி மாற்றிப் போட வேண்டும். எடிட்டிங் பக்கம் போக ஆசையென்றால் எடியஸ் என்ற எடிட்டிங் மென்பொருளில் வேலை பார்க்கும் கல்யாண ஸ்டுடியோ எதிலாவது சேருங்கள்.

ஏற்காட்டில் ஷூட்டிங் வந்தால் உள்ளூர் தெரிந்த ஆள் யூனிட்டுக்குத் தேவை. 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஜெனரேட்டர் வண்டி ஏற எவ்வளவு நேரம் பிடிக்கும், எந்த இடத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும் என்று சொல்லத் தெரிந்தால் மேனேஜர் உங்கள் நம்பரை வாங்கிக்கொள்வார். அங்கே கன்டினியூட்டியை, அதாவது ஒரு ஷாட்டுக்கும் அடுத்த ஷாட்டுக்கும் உள்ள பொருத்தத்தை, கெடுப்பது பனிமூட்டம். வைட் ஷாட்டில் பின்னால் மரமே தெரியாது; குளோஸப் எடுக்கும்போது வெயில் அடிக்கும். ஒவ்வொரு ஷாட்டுக்கும் நேரத்தையும் மூட்டத்தின் அளவையும் எழுதி வைப்பது உதவியாளர் வேலை.

சீரியல் செட்டில் புதியவருக்கு முதலில் கிடைப்பது கிளாப் அடிப்பது, காஸ்ட்யூம் கன்டினியூட்டி, பிராம்ப்டிங் (நடிகருக்கு வசனம் எடுத்துக் கொடுப்பது). ஒரே வீட்டு செட்டில் வெவ்வேறு எபிசோடுகளின் சீன்களை மாற்றி மாற்றி எடுப்பார்கள். சீன் முடிந்ததும் ஒவ்வொரு ஆர்ட்டிஸ்டையும் தலையிலிருந்து கால் வரை போட்டோ எடுத்து, எபிசோட் எண், சீன் எண் போட்டு வையுங்கள். அதிகம் கோட்டை விடுவது காயத்துக்குப் போட்ட கட்டு எந்தக் கையில் என்பதும், சுவர்க் கடிகாரத்தின் நேரமும்தான். பிராம்ப்டிங்கில் குரல் நடிகருக்குக் கேட்க வேண்டும், அவருடைய வசனத்தின் மேல் ஏறக் கூடாது. டப்பிங் இல்லாமல் செட்டிலேயே குரலைப் பதிவு செய்யும் லைவ் சவுண்ட் யூனிட் என்றால் அந்த வேலையே இருக்காது. டயலாக்கை முன்கூட்டியே படித்துக் காட்ட வேண்டியிருக்கும்.

ரெஸ்யூம் ஒரு பக்கம் போதும், பிடிஎஃப்பாக வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். என்ன மென்பொருள் தெரியும், டூவீலர் லைசென்ஸ் உண்டா, எந்தத் தேதியிலிருந்து வரமுடியும் என்பது முதல் நான்கு வரிக்குள் இருக்கட்டும். "எந்த வேலையானாலும் ஓகே" என்று எழுதினால் எந்த வேலைக்கும் கூப்பிடமாட்டார்கள்.

லைட், கேமரா, மேக்கப் துறைகளில் பெப்சியில் (தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனம்) அடங்கிய சங்கத்தின் கார்டு கேட்பார்கள். சேர்க்கைக் கட்டணமும் கைக்கு அடக்கமாக இருக்காது. அந்தந்தச் சங்க அலுவலகத்திலேயே நேரில் விசாரியுங்கள், இடைத்தரகர் வேண்டாம். வேலை வாங்கித் தருகிறேன், பதிவுக் கட்டணம் கட்டு என்று கேட்பவரின் நம்பரை அங்கேயே பிளாக் செய்துவிடலாம்.

சேரும் முன் மூன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒன்று, சம்பளம் மாதமா அல்லது கால்ஷீட் (ஷூட்டிங் ஷிப்ட்) கணக்கா; இரண்டு, பேட்டா (படிக்காசு) அன்றன்றைக்கா; மூன்று, பேக்கப் (அன்றைய ஷூட்டிங் முடிவது) ராத்திரி தாமதமானால் வீடுவரை வண்டி உண்டா. மூன்றாவதைப் பெண்கள் கூச்சப்படாமல் முதலிலேயே கேட்கலாம், ஒழுங்கான மேனேஜர் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்.